சோதோம் யாருடைய ஊர்?

மனு எழுதிய கை என்னுடையது. ஆகவே முதலில் என்மீதே குற்றப்பத்திரிகை வாசித்துவிட்டு மற்றவர்களிடம் வருகிறேன்.

எங்கள் பகுதியில் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடம். அதன் விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பையனை, டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பதினாறு வயது. எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் வளர்ந்த சேரிப் பையன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் எல்லாம் தட்டோடு வரிசையில் நிற்கும்போது விடுதிக் காப்பாளர் அவனை இழுத்து நிறுத்திச் சொன்ன வாக்கியம் இது: "பறப்பயலுக்குப் பொறந்த ஒம்போதுக்குப் படிப்பு ஒரு கேடா?"

ஒரே மூச்சில் ரெண்டு வசவு.

நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து மனு தயாரித்தோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், எந்தப் பிரிவு, யாருக்கு நகல் என்றெல்லாம் விவாதம். எம்.ஏ. தமிழ் படித்தவன் என்பதால் எழுதும் வேலை என் தலையில். "சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகத் திட்டினார்" என்று எழுதினேன். முதல் வசவு மனுவில் ஏறிவிட்டது. ரெண்டாவது ஏறவில்லை. "அது எதுக்கு தம்பி, கேஸு வீக்காயிடும்" என்றார் மூத்த தோழர். "ஊரே சிரிக்கும்யா" என்றார் இன்னொருவர். உடனே அங்கேயே ஒரு சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் பையனை வரவழைத்து மனுவை வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "பாதிய உட்டுட்டீங்களேண்ணே" என்றான். எனக்குப் புரியாததுபோல முழித்தேன். "அதுவுந்தானண்ணே சொன்னாரு. மெயினா அதுக்குத்தான் டி.சி.யே குடுத்தாரு." அம்மாவுக்குத் தெரிந்தால் என்று இழுத்தேன். "எங்கம்மாவுக்கு எல்லாந் தெரியும்ணே. உங்களுக்குத்தான் சங்கடமா இருக்கு."

சங்கடம் எனக்குத்தான். ஏனென்றால் நானும் அதுதான். முப்பத்தைந்து வயதாகிறது எனக்கு. பத்துப் பதினைந்து வருடமாக இப்படிப்பட்ட பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சாதியைப் பற்றி எழுதினேன், நிலத்தைப் பற்றி எழுதினேன், தமிழ் இலக்கண மரபின் சாதியத்தைக் கட்டுடைத்துப் பக்கம் பக்கமாக எழுதினேன். ஆணாகிய நான் ஆணைத்தான் விரும்புகிறேன் என்ற ஒரே ஒரு வாக்கியத்தை எழுதவில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம் 377-ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கிய நாளிலும் எழுதவில்லை. அன்றைக்கு டீக்கடையில் உட்கார்ந்து பேப்பரைப் புரட்டி, அடுத்த பக்கத்துக் காவிரிச் செய்தியைப் படிப்பதுபோல் பாவனை செய்தேன். இப்போது பதினாறு வயதுப் பையன் ஒருவன் எழுத வைத்துவிட்டான்.

என் பள்ளிக்கூடமும் அப்படிப்பட்டதுதான். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். திருக்காட்டுப்பள்ளிக்கும் திருவையாற்றுக்கும் இடைப்பட்ட நாடு, குடமுருட்டியிலிருந்து பிரியும் வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கூலிக்காரர், அம்மா நடவுக்குப் போவார். ஞானஸ்நானம் வாங்கிய மூன்றாம் தலைமுறை நாங்கள். கோயிலில் எங்களுக்கென்று ஓரமான இடம், கல்லறையில் எங்களுக்கென்று ஓரமான மூலை. 1950-ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணையோ, நீ மதம் மாறிவிட்டாய், ஆகவே நீ பட்டியல் சாதி இல்லை என்று சர்டிபிகேட்டைத் திருத்திவிட்டது. ஊருக்குப் பறையன், சர்க்காருக்குக் கிறிஸ்தவன். இன்று அந்தப் பையனுக்காக நாங்கள் நீட்டுகிற வன்கொடுமைச் சட்டம்கூட அவன் சான்றிதழில் இந்து என்று இருப்பதால்தான் செல்லுபடியாகிறது. எனக்கு அதுவும் கிடையாது.

2004-ஆம் வருடம் நான் பத்தாவது. டெல்டாக்காரர்கள் யாரும் மறக்க முடியாத வருடம். ஜூலை 16-ல் கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் 94 பிள்ளைகள் வெந்து செத்தார்கள். டிசம்பர் 26-ல் கடல் வந்தது. நாகப்பட்டினத்துக் கரையில் மீனவர்கள் போனார்கள், வேளாங்கண்ணியில் மாதாவைக் கும்பிட வந்தவர்கள் போனார்கள். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் மூன்று நாள் தியானம் வைத்தார்கள். வெளியிலிருந்து வந்த பிரசங்கியார் கடல் ஏன் வந்தது என்று விளக்கினார். சோதோம் கொமோராவில் நெருப்பு வந்ததுபோல இங்கே தண்ணீர் வந்ததாம். சோதோமில் ஆணும் ஆணும் செய்த பாவத்தைச் சொல்லும்போது குரலைத் தணித்துக்கொண்டார். அவர் குரல் தணியத் தணிய முன்வரிசைப் பையன்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். செத்த மீனவப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று அன்றைக்கு யாரும் எழுந்து கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என்னால்தான் கடல் வந்ததோ என்று பயந்துகொண்டிருந்தேன். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பதினைந்து வயதில் நிஜமாகவே அப்படி நினைத்தேன்.

பையன்கள் ஏன் என்னைப் பார்த்தார்கள் என்றால், அதற்கு முந்தைய மாதம் ஒரு கடிதம் பிடிபட்டிருந்தது. பக்கத்துக் கட்டில் சிநேகிதனுக்கு நான் எழுதி, கொடுக்காமல் தலையணை உறைக்குள் வைத்திருந்த கடிதம். "நீ லீவுக்கு ஊருக்குப் போயிட்டா எனக்குச் சோறே எறங்கல" என்பதுதான் அதிலிருந்த ஆக மோசமான வரி. வார்டன் அதைப் படிப்பு நேரத்தில் உரக்க வாசித்தார். ஒரு வாரம் கோயில் வாசலில் முழங்கால் போடச் சொன்னார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பலகைக்கு அந்தப் பக்கமிருந்த குரல் எத்தனை தடவை, யாரோடு என்று கேட்டது. ஒன்றும் நடக்கவில்லை சாமி, நெனைச்சேன், அவ்வளவுதான் என்றேன். நெனைப்பும் பாவமே என்றது குரல்.

அப்பாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். சம்பா அறுப்பு நேரம். வயலிலிருந்து அப்படியே வந்தார், காலில் சேறு காயவில்லை. வராந்தாவில் நிற்க வைத்து இங்கிலீஷும் தமிழும் கலந்து என்னவோ சொன்னார்கள். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெளியே வந்து, "முட்டி ஏன்டா தேஞ்சு கெடக்கு?" என்று கேட்டார். முழங்கால் போட்ட சேதியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கப்பனுக்கு சாணிப்பாலு குடுத்தானுவோ. கட்டிவெச்சு சவுக்கால அடிச்சானுவோ. எவன் சொன்னாலும் முட்டி போடாதடா" என்றார். (அப்பாவை மகாத்மாவாக்க வேண்டாம். இதே மனிதர் என் இருபத்தேழாவது வயதில் நான் பெண் பார்க்க வரமாட்டேன் என்றதும் ரெண்டு வருஷம் என்னோடு பேச்சை நிறுத்தியவர். இன்றும் முகம் கொடுத்துப் பேசுவது குறைவுதான்.)

தியானம் முடிந்ததும் எனக்கு இன்னொரு தண்டனை வந்தது. தீர்க்கதரிசிகளின் ஆகமங்களை நோட்டில் எழுத வேண்டும், சாயந்திரம் விளையாட்டு நேரத்தில். ஏசாயா முடிந்து, எரேமியா முடிந்து, எசேக்கியேலில் போய்க்கொண்டிருந்தேன். பதினாறாம் அதிகாரம், நாற்பத்தொன்பதாம் வசனம். சோதோம் செய்த அக்கிரமம் எது என்று தீர்க்கதரிசி அங்கே வரிசைப்படுத்துகிறார். செருக்கு. தின்று தீராத உணவு. கவலையற்ற சொகுசு. இவ்வளவும் இருந்தும் ஏழை எளியவனுக்குக் கை கொடுக்காதது. எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டேன். பிரசங்கியார் சொன்ன பாவம் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. முன்பக்கம் புரட்டித் தொடக்கநூலுக்குப் போனேன். அந்தச் சோதோம் எப்படிப்பட்ட ஊராம்? பதின்மூன்றாம் அதிகாரம் சொல்கிறது: யோர்தான் சமவெளி, எங்கு பார்த்தாலும் நீர்வளம், ஆண்டவரின் தோட்டம் மாதிரி, எகிப்து மாதிரி.

தஞ்சாவூர்க்காரனுக்கு இதற்குமேல் உரை வேண்டுமா? ஆறு பாயும் சமவெளி. குதிர் நிறைய நெல். திண்ணையில் சாய்ந்த சொகுசு. கதிர் அறுத்தவன் அரைப்படி கூலி கூடுதலாகக் கேட்டால் கொளுத்திவிடுகிற செருக்கு. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணியில் 44 பேர். ஒவ்வொரு டிசம்பரும் எங்கள் விடுதியில் குடில் கட்டினோம், வைக்கோல் பரப்பினோம், பாலனுக்குத் தாலாட்டுப் பாடினோம். அதே ராத்திரியில், அதே டெல்டாவில், குடிசைக்குள் வைத்துக் குழந்தைகளைக் கொளுத்தினார்கள் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு சாமியாரும் ஒரு வாத்தியாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. சோதோம் யாருடைய ஊர் என்று எனக்குப் புரிந்தது. அது மிராசுதாரின் ஊர். நான் அந்த ஊரின் பாவி இல்லை, அந்த ஊரின் வாசலில் கை கொடுக்கப்படாமல் நின்றவனின் பேரன்.

என்னை நானே ஏற்றுக்கொண்டது என்று ஏதாவது ஒரு நாளைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தச் சாயந்திரத்தைத்தான் சொல்வேன். ஆனந்தம் என்றெல்லாம் ஒன்றும் வரவில்லை. கோபம் வந்தது. மீதி எசேக்கியேலை எழுதாமல் நோட்டை மூடி வைத்தேன். அதற்கும் அடி விழுந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு பாவசங்கீர்த்தனத்தில் அந்த விஷயத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். பாவமில்லாததை எதற்குச் சொல்வது?

இந்த இடத்தில் இறையியல் படித்த நண்பர்கள் குறுக்கிடுவார்கள். அடுத்த வசனத்தில் அருவருப்பானவை என்று வருகிறதே, லேவியர் ஆகமத்தில் நேரடியாகவே தடை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதே லேவியர் ஆகமம் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் வேற்றினத்தாரை அடிமையாக விலைக்கு வாங்கலாம் என்ற அனுமதியும் இருக்கிறது. அதை மட்டும் 'அந்தக் காலத்து வழக்கம்' என்று தாண்டிப் போகிறோம். ஏன் தாண்டுகிறோம்? அடிமையின் வாரிசுகள் நாம் உட்கார்ந்து வாசிப்பதால் தாண்டுகிறோம். தலித் இறையியல் என்று நாற்பது வருடமாக நாம் செய்துவருவது வேறென்ன? வேதம் யார் கையில் இருக்கிறதோ அவன் வாசிப்புத்தான் வேதம் என்பதை ஏற்க மறுத்ததுதானே அது? யாத்திராகமத்தை நமக்காக வாசித்த கண், லேவியராகமத்தில் வந்ததும் ஏன் வார்டன் கண்ணாக மாறிவிடுகிறது? பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தபோது கன்னியர் மடத்துக்குள் சாதி இருப்பதை ஊரறியச் சொன்னதற்காகக் கொண்டாடினோம். அதே மடங்களுக்குள், அதே விடுதிகளுக்குள், இன்னும் என்னென்ன சொல்லப்படாமல் இருக்கிறது?

இப்போது தோழர்களிடம் வருகிறேன்.

"இது மேல்தட்டுப் பிரச்சினை தம்பி. சாதி ஒழியட்டும், அப்புறம் பாக்கலாம்." இந்த வாக்கியத்தை நாம் முன்பே கேட்டிருக்கிறோம் இல்லையா? வர்க்கம் ஒழியட்டும், சாதி தானா ஒழியும் என்று சொன்னபோது நாம் என்ன பதில் சொன்னோம்? அந்தப் பதிலைத்தான் இப்போது திருப்பித் தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் சாதியின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்று காட்டினார். அகமணத்தில். யார் யாரோடு கூடலாம், கூடக்கூடாது என்று காவல் காக்கிற வேலைதான் சாதி. 2013-ல் தருமபுரி இளவரசன் தண்டவாளத்தில் கிடந்தபோதும், 2016-ல் உடுமலைப்பேட்டைக் கடைத்தெருவில் சங்கரை வெட்டியபோதும் நாம் எழுப்பிய முழக்கம் என்ன? துணையைத் தேர்ந்தெடுப்பது எங்கள் உரிமை என்பதுதானே? அந்த முழக்கத்துக்குள் ஆணும் பெண்ணும் மட்டும் என்று சின்ன எழுத்தில் நிபந்தனை எதுவும் போட்டிருந்தோமா? 1934-ல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அதே அம்பேத்கர் ர.தோ.கார்வேக்காக வாதாடினார். கார்வே நடத்திய 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்திப் பத்திரிகையில் வாசகர்கள் பாலுறவு பற்றிக் கேள்வி கேட்பார்கள், தன்பாலுறவு உட்பட. கார்வே பதில் எழுதுவார். ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். ஆபாசமில்லை, அறிவு என்று நின்றார் பாபாசாகேப். வழக்கு தோற்றது. கேஸு வீக்காயிடும் என்று அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

தமிழ்ப் பண்பாட்டில் இதற்கு இடமில்லை என்கிற தமிழாசிரியத் தோழர்களுக்கு இன்னொன்று. தொல்காப்பிய அகத்திணையியலைத் திறந்து பாருங்கள். அடியோருக்கும் வினைவலருக்கும், அதாவது ஏவல் செய்பவனுக்கும் கூலி வேலைக்காரனுக்கும், அன்பின் ஐந்திணையில் இடமில்லை. வேண்டுமானால் புறத்தே, கைக்கிளை பெருந்திணையில் வைத்துக்கொள்ளலாம் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். குறிஞ்சியும் முல்லையும் தலைமக்களுக்கு. மருத நிலத்தில் நாற்று நட்டவளுக்கு அந்த மருதத் திணையில் ஒரு காதல் இல்லை. நம் பாட்டன் பாட்டியின் காதலையே 'பொருந்தாக் காம'த்தின் பக்கம் தள்ளிய இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என் காதல் பொருந்துமா பொருந்தாதா என்று அளக்க வருகிறீர்கள். அளவுகோலை முதலில் தூக்கி எறிய வேண்டாமா?

சென்னையில் இருக்கிற இன்னொரு கூட்டத்தாரோடும் எனக்குக் கணக்கு இருக்கிறது. வானவில் கொடி பிடிக்கிற நண்பர்கள். தஞ்சாவூரா, ஆகா, உங்க ஊர்க் கோயில் சிற்பங்களைப் பாருங்க, அர்த்தநாரீஸ்வரரைப் பாருங்க, நம்ம மரபு எவ்வளவு தாராளம் என்பார்கள். 1939-ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வருகிறவரை அந்தச் சிற்பத்தை என் முன்னோர் கிட்டே நின்று பார்க்க முடியாது என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை. 2015-ல் மும்பையில் ஒரு தாய் தன் மகனுக்கு மாப்பிள்ளை தேடிப் பத்திரிகை விளம்பரம் கொடுத்தார். நாடே புரட்சி என்றது. சாதி தடையில்லை, ஆனாலும் ஐயர் என்றால் விசேஷம் என்று அதில் கண்டிருந்தது! அதே 2015-ல் டெல்லிப் பேரணியில் நாங்கள் தலித், நாங்கள் பால்புதுமையர் என்று இரண்டையும் ஒரே மேடையில் சொன்ன இளைஞர்கள் இருக்கிறார்கள். அதற்கும் முன்பே, இதே தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்த லிவிங் ஸ்மைல் வித்யா, 2007-ல் 'நான், வித்யா' எழுதினார். திருநங்கை, தலித். நம்மில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தை நம் இலக்கியம் என்று வரிசையில் வைத்தோம்? நான் வைக்கவில்லை. எம்.ஏ. படிக்கும்போது அட்டை போட்டு மறைத்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக. 377 என்பது வெள்ளைக்காரன் 1860-ல் எழுதியது. 1871-ல் அவன் போட்ட குற்றப்பரம்பரைச் சட்டத்தில் குற்ற சாதிகளுக்கு ஒரு பாகம், 'அலி'களுக்கு ஒரு பாகம். ரெண்டு பேரையும் ஒரே சட்டத்தில் ஏற்றத் தெரிந்திருக்கிறது அவனுக்கு. 2021 ஜூன் 7-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து தப்பி வந்த இரண்டு பெண்களின் வழக்கில், எனக்கே இதில் அறியாமை இருந்தது என்று ஒப்புக்கொண்டு உளவியலாளரிடம் பாடம் கேட்டுவிட்டுத் தீர்ப்பெழுதினார். 'மாற்றுகிறேன்' என்று சொல்லி வைத்தியம் செய்வதைத் தடை செய்தார். பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தைக் கூட்டிப் புரியவைக்கச் சொன்னார். அதே வருடம் மாற்றுப்பாலினப் பிள்ளைகளைப் பள்ளியில் எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்காக என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட கையேட்டை, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வார்டனுக்குத் தீர்ப்பும் தெரியாது, கையேடும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ரெண்டு வசவு.

பையனை இப்போது பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். பஸ்ஸில் போய் வருகிறான். கல்வி அலுவலகத்திலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூடுதல் வாக்குமூலம் ஒன்று எழுதித் தருவதென்று முடிவு செய்தேன். மூத்த தோழர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சிரித்த தோழர் வருகிறேன் என்கிறார், எனக்கே ஆச்சரியம். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வேறு யாராவது வருவதென்றால் வரலாம்.

வாக்குமூலத்தில் அந்த ரெண்டாவது சொல்லுக்கு என்ன போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 2022-ல் தமிழக அரசு மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. தன்பாலீர்ப்பாளர் என்று எழுதலாமா என்று பையனிடம் கேட்டேன்.

"அது என்னையப் பத்தி நாஞ் சொல்லிக்கிறதுக்குண்ணே" என்றான். "அவரு சொன்னத அவரு சொன்ன மாதிரியே எழுதுங்க. நல்ல தமிழ்ல மாத்திராதீங்க."